வெளிநாட்டுக்குப் படிக்கப் போறேன். ஹோம்ஸ்டேயா (உள்ளூர்க் குடும்பத்தோட வீட்டில் கட்டணம் கொடுத்துத் தங்கறது), டார்மா (கல்லூரி விடுதி)? பார்த்தவர்கள் சொல்லுங்க

கடல்நுரை:
தேர்வு முடிஞ்ச மறுநாள். டார்ம் வாசலில் ஒரு முதலாண்டுப் பையன் கார்டைத் திரும்பத் திரும்பத் தேய்க்கிறான், சிவப்பு விளக்குதான் எரியுது. கார்டில் கோளாறு இல்லை. குளிர்கால விடுமுறைக்குக் கட்டடத்தையே மூடிட்டாங்க, பாஸ்போர்ட் உள்ளே. வாடகையைப் பார்க்குமுன் கான்ட்ராக்டில் எத்தனை வாரம்னு பாருங்க. பிரிட்டனில் 40 வாரமும் உண்டு, 51 வாரமும் உண்டு. விடுமுறை அதில் சேரலைன்னா தங்கறதுக்குத் தனி விண்ணப்பம், அதுக்கு ஒரு கடைசித் தேதி. அனுமதி கிடைச்சாலும் மெஸ் பெரும்பாலும் மூடியிருக்கும்.

மூணாம்மாடி:
அதுக்காக ஹோம்ஸ்டேதான் பத்திரம்னு முடிவு கட்டிடாதீங்க. சாப்பாட்டு மேசையில் தட்டை வைக்கும்போதே "சனிக்கிழமைக்குள்ள வேற இடம் பார்த்துக்கோ"ன்னு ஒரு பொண்ணுகிட்ட அந்த வீட்டுக்காரங்க சொன்னாங்க. கனடாவின் ஒன்டாரியோவில், அதே வீட்டில் குடியிருக்கிற உரிமையாளரோட சமையலறையையோ குளியலறையையோ கட்டாயம் பகிர்ந்துக்கணும்னா 2006-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பொருந்தாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கோ அதுதான் பிடி. எத்தனை வாரம் முன்கூட்டிச் சொல்லணும், மீதிப் பணம் எப்போ திரும்பும், ஹோம்ஸ்டே ஏற்பாடு பண்ற ஏஜென்சி வேற வீடு பார்த்துத் தருமா, இந்த மூணும் எழுத்தில் இல்லாம முன்பணம் கட்டாதீங்க.

வடக்குஜன்னல்:
இரண்டு பேரும் பயத்தையே பேசுகிறீர்கள். கணக்கைப் பேசுங்கள். மாத வாடகையை மாத வாடகையோடு ஒப்பிடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். முழுக் கல்வியாண்டுக்கும் கூட்டிப் பாருங்கள். டார்ம் என்றால் வாடகை, கட்டாய மீல் பிளான் (மெஸ் சாப்பாட்டுக்கான கட்டணம்), மெத்தை விரிப்பு, பாத்திரம், விடுமுறைத் தங்கல். ஹோம்ஸ்டே என்றால் மாதக் கட்டணம், ஏஜென்சியின் திரும்பாத பதிவுக் கட்டணம், பஸ் பாஸ், மதியச் சாப்பாடு. "இருவேளை உணவு" என்பது பெரும்பாலும் காலையும் இரவும்தான்.

அடுத்தது நேரம். வீட்டில் இரவுச் சாப்பாடு ஆறரைக்கு, லேப் முடிவது எட்டுக்கு என்றால், காசு கொடுத்த சோற்றைத் தினமும் தனியாகச் சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும். மொழி பழகத்தான் ஹோம்ஸ்டே என்பவர்களுக்கு அதோடு பாதிப் பயன் போச்சு. அதே வீட்டில் உங்கள் மொழி பேசும் இன்னொரு மாணவர் இருந்தால் மீதியும் போச்சு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஞாயிறு ஓடுமா என்பதைக் குடும்பத்திடம் கேட்காதீர்கள், கால அட்டவணையில் பாருங்கள்.

முதல் நாலு வாரம் ஹோம்ஸ்டே, பிறகு டார்ம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் டார்ம் விண்ணப்பத்தை ஊரிலிருந்து கிளம்புமுன்பே போட்டிருந்தால் மட்டும். வகுப்பு தொடங்கிய பிறகு கேட்டால் காத்திருப்போர் பட்டியல்தான்.

கடல்நுரை:
@வடக்குஜன்னல், 18 வயசு ஆகாதவங்களுக்கு இந்தக் கணக்கு போதாது. ஆஸ்திரேலிய மாணவர் விசாவில் 8532-ன்னு ஒரு நிபந்தனை இருக்கு. தங்குமிடத்தைக் கல்வி நிறுவனம் பொறுப்பேத்திருந்தா, அவங்க ஒப்புதல் இல்லாம வீடு மாறினா விசாவுக்கே சிக்கல். முதல்ல அவங்களுக்கு எழுதிப் பதில் வாங்குங்க, அப்புறம் பெட்டி கட்டுங்க.