புதுப்பிப்பு: ராகிக் காட்டுக்கு வைத்த வெப்பக் கேமரா

தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்கள் ராகிக் காட்டுக்கு யானை வருவதை முன்கூட்டியே பார்க்க, சுழன்று நோட்டமிடும் வெப்பக் கேமரா சரிவருமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது வைத்தாகிவிட்டது.

சரிவருகிறது. பழைய சிசிடிவி ராத்திரியில் தன் அகச்சிவப்பு எல்இடி வெளிச்சம் எட்டும் வரைதான் பார்க்கும்; அந்த எல்இடியின் மங்கிய சிவப்பும் கேமரா இருக்கும் இடத்தை இருட்டில் காட்டிக்கொடுத்துவிடும். வெப்பக் கேமரா எந்த வெளிச்சத்தையும் வீசுவதில்லை. யானையின் உடம்பிலிருந்து தானாக வரும் 8 முதல் 14 மைக்ரான் அலைநீள வெப்பக் கதிரை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். லென்ஸ் ஜெர்மானியம் என்ற தனிமத்தால் ஆனது. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை உள்ளே விடாது. மழைக்குப் பயந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.

தொல்லை நம்ம ஊர்ப் பாறைதான். பகலெல்லாம் வெயில் குடித்த கருங்கல், பொழுது சாய்ந்த பிறகும் திரையில் வெள்ளையாகத் தகதகக்கிறது. முதல் நாள் ராத்திரி, "டேய், ஒரு கூட்டமே நிக்குதுடா!" என்று சித்தப்பா பரணிலிருந்து கத்தினார். அத்தனையும் பாறை! விடியற்காலைக்குள் கல் ஆறிவிடும், அப்போது படம் தெளிவு.

அப்புறம், ஒவ்வொரு சுற்றுப் படத்தையும் முந்தைய சுற்றோடு ஒப்பிட்டு, இடம் மாறியதற்கு மட்டும் போனில் மணியடிக்க வைத்தோம். வீண் மணி வெகுவாகக் குறைந்தது. பனிமூட்டத்தில் மட்டும் பார்வைத் தூரம் சுருங்குகிறது. அஞ்செட்டிப் பக்கம் யாராவது சமாளித்திருந்தால் சொல்லுங்கள்.