புதுப்பிப்பு: அக்கவுண்ட்ஸுக்கு பவர் பிஐ, ஆபரேஷன்ஸுக்கு மெட்டாபேஸ்

அக்கவுண்ட்ஸ், ஆபரேஷன்ஸ், டெவலப்பர்ஸ் மூணு டீமுக்கும் ஒரே அனலிட்டிக்ஸ் டூல் (டேட்டாவை ரிப்போர்ட், சார்ட்டா காட்டுறது) எதுன்னு கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. "ஒரே டூல்னு பிடிவாதம் பிடிக்காதீங்க, டீமுக்கு ஏத்தத குடுங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான் வேலைக்கு ஆச்சு. அக்கவுண்ட்ஸ்காரங்க எக்செல்லயே ஊறினவங்க, அதுல டேட்டாவை எடுத்து ஒழுங்குபடுத்துற பவர் க்வெரி ஏற்கனவே தெரியும், அதே பவர் க்வெரி மைக்ரோசாஃப்ட்டோட பவர் பிஐலயும் இருக்கு, அதனால அவங்களுக்கு பவர் பிஐ. ஆபரேஷன்ஸுக்கு மெட்டாபேஸ், எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்ல இருந்து தகவல் எடுக்க எழுதுற மொழி) தெரியாத சூப்பர்வைசர் அக்கா நேத்து எந்த ரூட்ல டெலிவரி லேட்னு அவங்களே ஃபில்டர் போட்டு எடுக்குறாங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கு. டெவலப்பர்ஸும் அதுலயே நேரா க்வெரி எழுதிக்கிறாங்க.

எதிர்பாக்காத விஷயம், பவர் பிஐ டெஸ்க்டாப் விண்டோஸ்க்கு மட்டும்தான், மேக்காரங்க பிரவுசர்லதான் பாக்கணும். அப்புறம் மெட்டாபேஸை டாக்கர்ல (சாஃப்ட்வேரை கன்டெய்னர்ங்கிற தனிப் பெட்டிக்குள்ள ஓட்டுற டூல்) அப்படியே ஏத்தினா டாஷ்போர்டு எல்லாம் கன்டெய்னருக்கு உள்ள இருக்குற ஹெச்2ங்கிற சின்ன டேட்டாபேஸ் ஃபைல்லதான் சேரும், கன்டெய்னரை அழிச்சா அதுவும் போயிடும், அதனால அதையெல்லாம் சேமிக்க மொதல்லயே வெளிய தனியா ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் குடுத்துடுங்க.