போர் விமானிகளே எழுதினது: எதைப் படிக்கலாம், எதைத் தள்ளலாம்?

சூலூர்க்காரன்:

எங்க ஊரில் தேஜஸ் போர் விமானம் கிளம்புகிற நேரத்தில் போன் வந்தால் எடுத்தும் பிரயோஜனமில்லை, ஒண்ணும் கேட்காது. 2020 மே மாதம் விமானப்படையின் 18-ஆம் ஸ்குவாட்ரனை (விமானப் பிரிவு) தேஜஸோடு இங்கே மறுபடி தொடங்கினபோது பேப்பரெல்லாம் நிர்மல்ஜித் சிங் செகோன் பெயர்தான். அந்த ஸ்குவாட்ரன் ஆள். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருக்கும்போதே நேட் என்கிற சின்னப் போர் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு மேலே போனவர். விமானப்படையில் பரம்வீர் சக்ரா வாங்கியது அவர் ஒருவர்தான். ஆனால் அந்தச் சில நிமிஷம் காக்பிட்டுக்குள் (விமானி உட்காருகிற இடம்) எப்படி இருந்தது என்று சொல்ல அவர் திரும்பி வரவில்லை. சரி, திரும்பி வந்தவர்களாவது என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் பார்ப்போம் என்று தேட ஆரம்பித்தேன்.

படித்த வரைக்கும் சொல்கிறேன். இத்தனை விமானத்தைச் சுட்டேன், அத்தனை மெடல் வாங்கினேன் என்று கணக்கு ஒப்பிக்கிற புத்தகம் பாதியிலேயே அலுத்துவிடும். பயந்ததை மறைக்காமல் எழுதினவர் புத்தகத்தைத்தான் கீழே வைக்க முடியாது. முதலில் படிக்க வேண்டியது ஜெஃப்ரி வெல்லம் எழுதிய 'ஃபர்ஸ்ட் லைட்'. 1940-ல் பிரிட்டனின் 92-ஆம் ஸ்குவாட்ரனில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டச் சேரும்போது அவருக்கு வயசு 18. புத்தகம் வெளியானது 2002-ல், எண்பது வயசில். சண்டைக் காட்சிகளைவிட எனக்குப் பிடித்தது அதில் வருகிற காத்திருப்பு. விடியறதுக்கு முன்னாடியே தயாராகி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தரும் சரியாகப் பேசுவதில்லை, டெலிபோன் மணி அடித்தால் எல்லோருக்கும் வயிறு கலங்குகிறது, எடுத்துப் பார்த்தால் ஏதோ சில்லறை விஷயம். 1942-ல் விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து மால்டா தீவுக்குப் பறந்து போனவரை, உடம்பும் மனசும் ஓய்ந்துபோய் ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். அப்போது வயசு இருபத்தொன்று! நம்ம பக்கம் அந்த வயசுப் பையனுக்கு வண்டிச் சாவி கொடுக்கவே யோசிக்கிறோம்.

உங்களுக்கு எதுங்க பிடித்தது? சொல்லுங்க.

கணபதி லேத்:

அண்ணா, நான் பட்டறைக்காரன், அதனால் என்னைப் பிடித்து ஆட்டியது, அதே பிரிட்டன் விமானப்படையில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய ரிச்சர்ட் ஹிலரியின் 'தி லாஸ்ட் எனிமி'. ஆரம்பமே 1940 செப்டம்பர் 3 காலை. விமானத்துக்குப் புதுசாகப் போட்ட காக்பிட் மூடி காடியில் சரியாக நகரமாட்டேன் என்கிறது. ஃபிட்டரும் ஆட்களும் அரம் போட்டுத் தேய்க்கிறார்கள், எண்ணெய் விடுகிறார்கள், மூடி பாதி தூரம் போய் நிற்கிறது. அதற்குள் கிளம்பு என்று ஒலிபெருக்கியில் உத்தரவு வந்துவிடுகிறது. மேலே போய் அடிபட்டு விமானம் தீப்பிடிக்கும்போது அதே மூடிதான் திறக்க மறுக்கிறது. நாமெல்லாம் 'ஃபிட்டிங் கொஞ்சம் டைட்டா இருக்கு, ஓட ஓட சரியாயிடும்' என்று சொல்லி அனுப்புகிறவர்கள்தானே, அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கை சில்லிட்டுப் போச்சு. அவர் கையுறையும் போடவில்லை, கண்ணாடியையும் நெற்றிக்கு ஏற்றி விட்டிருந்தார், முகமும் கையும் வெந்துபோச்சு. கடலில் விழுந்தவரை லைஃப்போட் வந்து தூக்கியது. அப்புறம் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்கிற டாக்டர் புது இமை வைத்துத் தைத்தார். புத்தகம் வந்தது 1942-ல். அந்தக் கையோடு பிடிவாதமாக மறுபடி விமானம் ஓட்டப் போய் 1943 ஜனவரியில், பயிற்சியின்போது விழுந்து செத்துப்போனார். நடுவில் ஆக்ஸ்ஃபோர்டு சிநேகிதர்கள், தத்துவம் என்று கொஞ்சம் இழுக்கும். அங்கே தள்ளித் தள்ளிப் படிக்கலாம், தப்பில்லை.

ஈரோட்டு வாசகி:

ஜப்பான் போர் விமானி சபுரோ சகாய் கதையை யாரும் சொல்லவில்லையே. 1942 ஆகஸ்ட் 7, பசிபிக் கடலில் குவாடல்கனால் தீவுப் பக்கம் தலையில் குண்டடி, வலது கண் போச்சு, ரத்தம் வழிய வழிய நாலரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டி ரபௌலில் இருந்த ஜப்பான் தளத்துக்கு வந்து இறங்குகிறார். அது நடந்த விஷயம்தான். ஆனால் 'சாமுராய்' என்கிற அந்தப் புத்தகத்தை அவர் தனியாக எழுதவில்லை, ஓர் அமெரிக்க எழுத்தாளர் கைவண்ணமும் அதில் உண்டு, சில இடம் சினிமா மாதிரி இருக்கும். அதனால் முழுசாக நம்பிவிட வேண்டாம் என்பது என் கட்சி.

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே நேர்மையானது ராபர்ட் மேசனின் 'சிக்கன்ஹாக்', 1983-ல் வந்தது. போர் விமானம் இல்லை, வியட்நாமில் ஹெலிகாப்டர். ஆரம்பத்தில் வருவது, ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்தப் பழகுவதற்கு அவர் படுகிற பாடு. ஒரு கையில் ஒரு நெம்புகோல், இன்னொரு கையில் இன்னொன்று, ரெண்டு காலுக்கும் பெடல், ஒன்றை அசைத்தால் மற்ற எல்லாவற்றையும் சரி பண்ணணும். படித்து முடிக்கும்போது நமக்கே பாதி ஓட்ட வந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆயிரம் தடவைக்கு மேல் சண்டைக்களத்தில் பறந்தவர், ஊருக்கு வந்த பிறகு தூக்கமில்லாமல், குடித்து, கடைசியில் கஞ்சா கடத்தி மாட்டினது வரைக்கும் மறைக்காமல் எழுதிவிடுகிறார். வீரக்கதை வேணும்கிறவர்களுக்கு இது பிடிக்காது.

சூலூர்க்காரன்:

சகாய் பற்றிச் சொன்னது சரிங்க, எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மேசனை நான் இன்னும் படிக்கலை. லேத்துக்கார தம்பி, ஹிலரி புத்தகம் உங்ககிட்ட இருந்தால் இரவல் தருவீங்களா? வெல்லமை நான் தர்றேன், அட்டை கிழிஞ்சிருக்கு, பக்கமெல்லாம் சரியாக இருக்கு. கோவை கொடிசியா புத்தகத் திருவிழாவுக்கு வருவீங்கன்னா அங்கேயே மாத்திக்கலாம்.