எர்ரர் மெசேஜை சப்போர்ட்டுக்கு எப்படி அனுப்புவது? படிப்பதற்குள் போய்விடுகிறது

பில்லிங்_மேசை:
விண்டோஸ் 11. பில்லிங் சாஃப்ட்வேரில் பிரிண்ட் கொடுத்தால் சில சமயம் நீளமான எர்ரர் பெட்டி ஒன்று வருகிறது. மொபைலில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்து தெரியவில்லை என்கிறார்கள். அவ்வப்போது நீலத் திரையும் வந்து, படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. இரண்டையும் எப்படிப் பிடிப்பது?

கீபோர்டு_திருச்சி:
முதலில் பெட்டி. ஓகே அழுத்தாதீர்கள். பெட்டி முன்னால் இருக்கும்போதே கன்ட்ரோல் + சி, பிறகு நோட்பேடில் கன்ட்ரோல் + வி. தலைப்பு, செய்தி, பட்டன் பெயர் எல்லாம் கோடு போட்டு எழுத்தாகவே வந்து விழும். பலருக்கும் தெரியாத வசதி இது. படத்தை விட எழுத்து மேல், ஏனென்றால் சப்போர்ட்காரர் அதை அப்படியே தேடிப் பார்க்கலாம். படத்தைப் பார்த்துத் தட்டும்போது 8-ஐ ‘பி’ என்று படித்துவிட்டால் வேறு எர்ரருக்குத் தீர்வு தேடிக்கொண்டிருப்பார்.

சில சாஃப்ட்வேர்கள் சொந்தமாகப் பெட்டி வரைந்துகொள்ளும். அங்கே இது வேலை செய்யாது. அப்போது விண்டோஸ் கீ + பிரிண்ட் ஸ்க்ரீன். பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்க்ரீன்ஷாட்ஸில் படம் சேவ் ஆகும். பெட்டியை மட்டும் வெட்டாமல் முழுத் திரையாக அனுப்புங்கள், மூலையில் உள்ள கடிகாரம் வேண்டும். அந்த நேரத்தை வைத்துத்தான் லாக்கில் (கம்ப்யூட்டர் தானாக எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவில்) தேடுவார்கள். வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி எழுத்து மங்கும், டாக்குமென்ட்டாக இணையுங்கள்.

கறுப்பு கமாண்ட் விண்டோவில் வந்த எர்ரர் என்றால் கவனம்: எழுத்தை செலக்ட் செய்யாமல் கன்ட்ரோல் + சி அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் வேலையே நின்றுவிடும்.

டம்ப்_ஃபைல்:
நீலத் திரைக்கு (புது அப்டேட்களில் அது கறுப்பாகிவிட்டது, எதனால் நின்றது என்று காட்டும் ‘ஸ்டாப் கோடு’ என்ற எர்ரர் குறியீடு மட்டும் அப்படியே இருக்கிறது): கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், அதில் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’ பகுதியின் செட்டிங்ஸ். ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை நிற்கும், நிதானமாகப் படமெடுக்கலாம். மொபைல் கேமரா தேவைப்படும் இடம் இதுதான். ஃப்ளாஷை அணைத்துவிட்டு நேராகப் பிடியுங்கள்.

படத்தை விட முக்கியமானது டம்ப் ஃபைல், அதாவது நின்றுபோன கணத்தில் மெமரியில் இருந்ததை விண்டோஸ் எழுதிவைக்கும் ஃபைல். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று இருக்கும். அங்கேயே ஜிப் செய்தால் அனுமதி இல்லை என்று வரும். ஃபைலை டெஸ்க்டாப்புக்கு காப்பி செய்து பிறகு ஜிப் செய்யுங்கள். ஃபோல்டர் காலியாக இருந்தால் பேஜ் ஃபைல் (மெமரிக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைக்கும் ஃபைல்) அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் டம்ப் எழுதப்படாமல் போகும்.

ஈவென்ட் வியூவரில் (லாக்குகளைக் காட்டும் விண்டோஸ் புரோகிராம்) சிஸ்டம் லாக்கில் 1001 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள், ஸ்டாப் கோடு அதில் இருக்கும். பலரும் சிவப்பாகத் தெரியும் 41-ஐ மட்டும் அனுப்புகிறார்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதைத்தான் அது சொல்கிறது. காரணம் பெரும்பாலும் அதில் தெளிவாக இராது.

பில்லிங்_மேசை:
கன்ட்ரோல் + சி வேலை செய்தது, நன்றி. ஸ்க்ரீன்ஷாட்டில் வாடிக்கையாளர் மொபைல் எண் தெரிகிறதே, மறைக்க மொபைலில் பேனாவால் கிறுக்கினால் போதுமா?

கீபோர்டு_திருச்சி:
போதாது. ஹைலைட்டர் வகைப் பேனா ஒளி ஊடுருவும், பிரைட்னஸ் கூட்டினால் எண் தெரிந்துவிடும். பெயின்ட்டில் திறந்து, உள்ளே நிறம் நிரப்பிய கறுப்புக் கட்டம் போட்டு சேவ் செய்யுங்கள். மங்கலாக்குவதையும் நம்ப வேண்டாம்.

டம்ப்_ஃபைல்:
பிரிண்ட் சம்பந்தப்பட்டது என்பதால் இன்னொன்று. ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், பிரிண்ட்சர்வீஸ், ஆப்பரேஷனல். இந்த லாக் வழக்கமாக அணைந்தே கிடக்கும். ரைட் கிளிக் செய்து ‘எனேபிள் லாக்’ கொடுங்கள். இனி வரும் எர்ரர்தான் அதில் பதிவாகும், பழையது கிடைக்காது; ஆகவே இன்றே போட்டுவிடுங்கள்.