100 ஆக்டேன் கிடைக்காதப்போ ஸ்டேஜ் 1 காருக்கு எதை ஊத்தறது?

பீளமேடு_டிஎஸ்ஐ:
வணக்கங்க. கார் ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் 1.5 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக் கியர்). ஸ்டேஜ் 1 மேப் (பவரைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏத்தற செட்டிங்) போட்டிருக்கு, 100 ஆக்டேன் (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கற அளவு) பெட்ரோலுக்கு எழுதினது. கோவையில் 100 வச்சிருக்கிற பங்க் ரொம்பக் கம்மி; அங்கேயும் அடிக்கடி 'ஸ்டாக் இல்லை' போர்டு. டேங்கில் 15 லிட்டர் 100 கிடக்குது. மேலே 95 ஊத்தலாமா, ஆக்டேன் பூஸ்டர் கலக்கணுமா, இல்லை ஸ்டாக் மேப்புக்கே (கம்பெனி செட்டிங்) திரும்பிடலாமா? ஞாயித்துக்கிழமை செட்டிபாளையம் ட்ராக் போற எண்ணமும் இருக்கு.

நாக்_லாக்:
ஊத்தலாங்க, ஆனா அதே மேப்பில் முழு ஆக்ஸிலரேட்டர் வேண்டாம். 15 லிட்டர் 100 + 25 லிட்டர் 95 = கிட்டத்தட்ட 97. மேப் எழுதின ட்யூனர் 95க்குத் தனி மேப் கொடுத்திருந்தா அதை ஏத்திடுங்க. இல்லைன்னா ஸ்டாக் மேப். கம்பெனி மேப்பில் இந்த இன்ஜினுக்கு கம்ப்ரஷன் 10.5:1 தான், 95 தாராளம்.

நாக் சென்சார் (பெட்ரோல் நேரங்கெட்டு வெடிக்கிற 'நாக்கிங்' சத்தத்தைப் பிடிக்கிறது) பார்த்துக்கும்னு விட்டுடாதீங்க. சத்தம் கேட்ட பிறகுதான் அது ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். 1500–2500 ஆர்பிஎம்மில், பெரிய கியரில் மிதிச்சா வர்ற முன்பற்றல் (எல்எஸ்பிஐ) ஸ்பார்க்குக்கு முன்னாடியே நடக்கும். டைமிங்கைக் குறைச்சு அதை நிறுத்த முடியாது. பிஸ்டன் ரிங் லேண்ட் (ரிங் உட்காரற வரம்பு) உடையறது பெரும்பாலும் இதில்தான். அதனால டிஎஸ்ஜியை மேனுவலில் போட்டு, 2500க்கு மேல வந்த பிறகு மிதிங்க. ஆயில் ஏபிஐ எஸ்பி (எல்எஸ்பிஐயைக் குறைக்கிற ஆயில்) தரம் இருக்கணும்.

சோதிக்க: ஓபிடி (காரோட டயக்னாஸ்டிக் போர்ட்) ஸ்கேனரில் நாலு சிலிண்டருக்கும் டைமிங் ரிடார்ட் (டைமிங்கைப் பின்னுக்கு இழுத்த அளவு), உள்ளே போற காற்றோட வெப்பம் ரெண்டையும் லாக் பண்ணுங்க. 3வது கியர், 2500லிருந்து 6000 வரை ஒரு இழுப்பு, ட்ராக்கில் மட்டும். ஒரு சிலிண்டரில் எப்பவாவது 2–3 டிகிரி இழுத்தா பயமில்லை. ரெண்டு மூணு சிலிண்டர் சேர்ந்து 4 டிகிரிக்கு மேல தொடர்ந்து இழுத்தா அந்த மேப்புக்கு அந்தப் பெட்ரோல் பத்தலை. வெயிலில் சிக்னல்ல நின்னுட்டு உடனே இழுத்தா இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விக்கிறது) சூடாகவே இருக்கும், ரீடிங் மோசமாத்தான் வரும்.

சிங்காநல்லூர்_வொர்க்‌ஷாப்:
பூஸ்டர் பத்தி: டப்பாவில் '30 பாயின்ட்'னு போட்டிருந்தா அது 3 ஆக்டேன்தான், 30 இல்லை. முழு டேங்குக்கு அந்த மூணும் தேறாது. எம்எம்டி (மாங்கனீசு சேர்மம்) கலந்ததா இருந்தா ப்ளக் முனையில் செம்மண் நிறத்தில் படியும். ஃபெரோசீனும் அப்படித்தான், இரும்புப் படிவு மின்சாரம் கடத்தும், மிஸ்ஃபயர் வரும். டேங்குக்கு டேங்க் ஊத்தற சரக்கில்லை அது. விமானப் பெட்ரோல் 100எல்எல் யோசனை யாராவது சொன்னா காதில் வாங்காதீங்க. அதில் ஈயம் இருக்கு, ஆக்ஸிஜன் சென்சாரும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் போயிடும்.

இ20_கணக்கு:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. 100 ஆக்டேனில் எத்தனால் கிடையாது. 95 இப்போ இ20 (20% எத்தனால் கலந்தது). எத்தனால் ஆவியாகும்போது சூட்டை நல்லா இழுக்கும், டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் அது நாக்கிங்கைக் குறைக்கும். ஆனா எத்தனாலில் சக்தி பெட்ரோலில் மூணில் ரெண்டு பங்குதான், காற்று–எரிபொருள் விகிதமும் 14.7லிருந்து 13.5 பக்கம் வந்துடும். அதே வேலைக்கு இன்ஜெக்டர் அதிகம் பீச்சணும். ஹை பிரஷர் பம்ப் ஏற்கனவே எல்லையில் ஓடற மேப்னா ரயில் பிரஷரையும் (இன்ஜெக்டருக்குப் போற குழாயில் பெட்ரோல் அழுத்தம்) லாக்கில் சேருங்க. கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தத்துக்கும் கிடைக்கிற அழுத்தத்துக்கும் இடைவெளி விழுந்தா காலை எடுத்துடுங்க. பெட்ரோல் மாத்தினதும் லாங் டேர்ம் ட்ரிம் (கம்ப்யூட்டர் தானா பழகிக்கிற பெட்ரோல் அளவுத் திருத்தம்) ஒரு நிலைக்கு வர்ற வரை நிதானமா ஓட்டிட்டு அப்புறம் ட்ராக் போங்க.

இன்னொண்ணு: இ20 வந்த பிறகு சாதாரணப் பெட்ரோலே 95 ஆர்ஓஎன் (ஆக்டேன் அளவு)னு பெட்ரோலிய அமைச்சகம் 2025ல் சொல்லியிருக்கு. அப்போ ப்ரீமியம் 95க்குக் கூடக் கொடுக்கிற காசு முக்கியமா டிடர்ஜென்ட்டுக்கு. ஆக்டேன் ஏறும்னு நினைச்சு வாங்க வேண்டியதில்லை.

டேங்கர்_ரூட்:
ஏன் கிடைக்கலைங்கிறதுக்கு: லாரியில் ஒரு அறை முழுசா இறக்கணும், ஆயிரக்கணக்கான லிட்டர். பங்கில் அதுக்குன்னு தனி நிலத்தடி டேங்க் வேணும். விலை ரொம்ப அதிகமான சரக்கு மெதுவாத்தான் போகும், டீலர் பணம் முடங்கும்; அதனால அடுத்த லோடு தள்ளிப்போகுது. இந்தியன் ஆயிலோட 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100, 2020 டிசம்பரில் வந்தப்பவே மதுரா ஆலையில் தயாராகி 10 நகரத்துக்குத்தான் போச்சு.

கிளம்பறதுக்கு முன்னாடி பங்குக்குப் போன் போட்டு, ஸ்டாக் இருக்கான்னு மட்டும் கேட்காம கடைசி லோடு என்னைக்கு வந்துச்சுன்னும் கேளுங்க. அடர்த்தி ரெஜிஸ்டரைக் காட்டச் சொல்லலாம். கலப்படச் சந்தேகத்துக்கு அது உதவும், ஆக்டேனைக் காட்டாது. கேனில் சேமிக்கிறதா இருந்தா வீட்டில் மொத்தம் 30 லிட்டருக்கு மேல லைசென்ஸ் இல்லாம வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் கேன் வேண்டவே வேண்டாம்.