ஸ்டைபெண்ட் வரவில்லை, வாடகைக்கு இன்னும் 9 நாள்தான். வழி சொல்லுங்கள்

காயல்பெண்

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோருக்கும் வணக்கம்.

பிஎச்டி படிக்க வந்து 6 வாரம் ஆகிறது. ஜகாத், அதாவது வசதியுள்ள முஸ்லிம்கள் கடமையாகக் கொடுக்க வேண்டிய பங்கு, அதை வாங்குகிற குடும்பங்களைப் பற்றிய ஆய்வு. கொடுக்கிறவர்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். வாங்குகிறவர்கள் அதைத் தங்கள் உரிமை என்று நினைக்கிறார்களா, தர்மம் என்று கூசிப்போகிறார்களா என்பதுதான் என் கேள்வி.

இப்போது பிரச்சினை வேறு. ஸ்டைபெண்ட், அதாவது படிப்புக்கான உதவித்தொகை, இன்னும் வரவில்லை. கையில் இருப்பது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும்தான் காணும். வாப்பாவிடம் கேட்க மனம் வரவில்லை. டிக்கெட்டுக்கே ராத்தாவின் வளையல் அடகுக்குப் போய்விட்டது. கூடப் படிக்கிற பெண் ஒருத்தி, "நீயே ஜகாத் வாங்கலாமே" என்கிறாள். வாங்கலாமா? வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

இண்டியானா_காக்கா

வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. பயப்படாதீங்க. முதல் செமஸ்டரில் எல்லோரும் இதைத் தாண்டித்தான் வருகிறோம்.

நான் இண்டியானாபொலிஸ் வந்தபோது சோஷியல் செக்யூரிட்டி எண் வருவதற்குத் தாமதமாகி முதல் சம்பளம் நின்றுபோனது. காற்றடைத்த மெத்தை ஒன்றில் படுத்திருந்தேன். அதில் எங்கோ ஓட்டை. இஷா தொழுதுவிட்டு வந்து ஊதி வைத்தால் ஃபஜ்ருக்கு எழும்போது முதுகு தரையில் கிடக்கும். வெளியே பனி. மூன்று மாதம் அப்படி. விசா எஃப்-1, அதாவது அமெரிக்க மாணவர் விசா, என்றால் முதல் வருடம் வளாகத்துக்கு வெளியே வேலைக்குப் போகவே போகாதீர்கள். வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் செய்யலாம்.

உங்கள் தலைப்பு ரொம்ப நல்ல தலைப்பு, அதை விட்டுவிடாதீர்கள். இங்கே லில்லி ஃபேமிலி ஸ்கூல் ஆஃப் ஃபிலாந்த்ரபி என்று கொடைக்காகவே ஒரு பள்ளி 2012-இல் தொடங்கினார்கள். முஸ்லிம் கொடைக்குத் தனி ஆய்வுத் திட்டமும் அதில் நடக்கிறது. 2017 முதல் 'ஜர்னல் ஆஃப் முஸ்லிம் ஃபிலாந்த்ரபி அண்ட் சிவில் சொசைட்டி' என்ற இதழ் வருகிறது, பணம் கட்டாமலே படிக்கலாம். இந்த வருடமே ஒரு நூல் மதிப்புரை எழுதி அனுப்பிப் பாருங்கள். பின்னால் வேலை தேடும்போது கைகொடுக்கும்.

ஜார்ஜ்டவுன்_மாமா

எந்த நாட்டில் இருக்கிறாய் என்று சொல்லவே இல்லையே மகளே. மலேசியா என்றால் கவலையே வேண்டாம். இங்கே ஒவ்வொரு மாநிலத்திலும் மதமன்றத்தின் கீழ்தான் ஜகாத் வசூல். தனிநபர் கட்டுகிற ஜகாத்தை வருமான வரியிலேயே கழித்துக்கொள்ளலாம். ஃபீ சபீலில்லாஹ், அதாவது 'இறைவழியில்' என்ற பங்கிலிருந்து மாணவர்களுக்குக் கொடுக்கிற வழக்கமும் உண்டு.

ஆனால் ஒன்று சொல்கிறேன். ஜகாத் வாங்குகிறவர்களைத் தேடிப் போய்க் கேள்வி கேட்காதே. ஏழை வீட்டுக்குப் போய் "வாங்கும்போது எப்படி இருந்தது" என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வக்ஃபை, பள்ளிவாசலுக்கும் தர்மத்துக்கும் என்று விட்டுவைத்த சொத்தை, எடுத்துக்கொள். பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி நம் தமிழ் முஸ்லிம்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து விட்டுப்போன வக்ஃபு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த நிலம். அதில் கடை, வீடு, வாடகை, வழக்கு என்று ஒரு ஆயுள் முழுக்க எழுதலாம். நான் 1989-இல் இங்கே வந்தபோது அந்தப் பள்ளி வராந்தாவில்தான் முதல் 4 இரவு படுத்தேன்.

ஹாரோ_அக்கா

பிள்ளை, எல்லோரும் கொஞ்சம் பொறுங்கோ. முதலில் இதுகளுக்குப் பதில் எழுதுங்கோ. எந்த நாடு? என்ன விசா? ஸ்டைபெண்ட் ஏன் வரவில்லை, வங்கிக் கணக்குத் திறக்கவில்லையா, பதிவு முடியவில்லையா? வீட்டுக்காரர் அதே வீட்டில் இருக்கிறாரா? டெபாசிட் கொடுத்தீர்களா? கொடுத்ததற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?

காயல்பெண்

மன்னிக்கணும் அக்கா. இங்கிலாந்து. மாணவர் விசா. விசா தாமதமானதால் 3 வாரம் பிந்திப் பதிவு செய்தேன். அதற்குள் ஸ்டைபெண்ட் பட்டியல் மூடிவிட்டார்களாம். 3 மாதத்துக்கு ஒரு முறைதான் கொடுப்பார்கள், ஜனவரியில் சேர்த்து வரும் என்று ஒரு வரி மெயில் வந்தது. வங்கிக் கணக்கு இருக்கிறது. வீட்டுக்காரரும் அவர் மனைவியும் கீழே இருக்கிறார்கள், நான் மாடி அறை. டெபாசிட் கையில் பணமாகக் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை.

வாணியம்பாடி_லெஸ்டர்

தங்கச்சி, மார்க்கத்தின்படி பார்த்தால் நீங்கள் தாராளமாக வாங்கலாம். தவ்பா அத்தியாயம் 60-ஆம் வசனத்தில் 8 வகையினர். ஊரை விட்டு வந்து கைப்பணம் தீர்ந்து நிற்கிற வழிப்போக்கர், இப்னு ஸபீல், அதில் ஒருவர். அந்த வகையில் வராவிட்டாலும் இருக்க இடத்துக்கு வழியில்லாதவர் ஃபக்கீர், அதாவது ஏழைதானே. ஜகாத் கொடுக்கக் கடமையாகிற சொத்தின் அளவு வெள்ளிக் கணக்கில் 612 கிராம், தங்கக் கணக்கில் 87 கிராம், அந்த அளவுக்கு உங்களிடம் எதுவும் இல்லை. அப்புறம் என்ன?

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நீங்கள் செய்யிது குடும்பமா, அதாவது நபிகள் வழி வந்த குடும்பமா? அப்படியென்றால் ஜகாத் வாங்கக்கூடாது, சதகா என்கிற விருப்பக் கொடை வேறு.

இந்த நாட்டில் திரட்டுகிற ஜகாத்தில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 1984-இல் பர்மிங்காமில் தொடங்கிய இஸ்லாமிக் ரிலீஃப் ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்காக எழுந்தது. அதெல்லாம் பெரிய சேவை, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த தெருவில் ஹீட்டர் போட முடியாமல் இருக்கிற குடும்பம்? இங்குள்ள ஜகாத் இங்குள்ள ஏழைக்கு என்று 2011-இல் நேஷனல் ஜகாத் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு வந்த பிறகுதான் அந்தப் பேச்சே பெரிதானது. உங்கள் ஆய்வு அந்த இடத்தைத்தான் தொடுகிறது. மாமா சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். வாங்குகிறவர்களிடம் யாரும் கேட்காததால்தான் அவர்கள் குரல் எங்கேயும் இல்லை.

இண்டியானா_காக்கா

நான் மாறுபடுகிறேன். தங்கச்சி காயல்பட்டினத்துக்காரர், ஷாஃபி மத்ஹப், அதாவது அந்தச் சட்டப் பிரிவு. வாடகை ஒப்பந்தம் போட்டு 3, 4 வருடம் தங்க வந்தவர் எப்படி வழிப்போக்கர் ஆவார்? அதோடு ஜனவரியில் வர வேண்டிய பணம் இருக்கிறது. இது வறுமை இல்லை, தாமதம். இதற்கு ஜகாத் இல்லை, கர்ழன் ஹஸனா, அழகிய கடன். ஊரில் பைத்துல்மால் என்கிற பொதுநிதியில் நகையை வைத்து வட்டியில்லாமல் வாங்குகிறோமே, அது மாதிரி.

வாணியம்பாடி_லெஸ்டர்

ஜனவரியில் வருகிற பணம் நவம்பர் வாடகைக்கு எப்படி உதவும் காக்கா? உங்கள் மத்ஹபில் எல்லா வகையினருக்கும் பங்கிட வேண்டும் என்பீர்கள். எங்கள் ஹனஃபி மத்ஹபில் ஒரே ஒரு வகைக்குக் கொடுத்தாலும் நிறைவேறிவிடும். இதில் கருத்து வேறுபாடு எப்போதும் உண்டு. அதற்காகப் பிள்ளையைக் குழப்ப வேண்டாம்.

ஒப்பந்த_விரிவுரையாளர்

நான் இந்தத் துறைக்குப் பக்கத்துத் துறை. பிஎச்டி முடித்து 5 வருடம். இதுவரை 4 ஒப்பந்தம், ஒன்று 9 மாதம். ஒவ்வொரு முறையும் வீடு மாற்றம், பிள்ளைக்குப் பள்ளி மாற்றம். ஊருக்குப் போனால், "ஜகாத் கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதில் என்ன டாக்டர் பட்டம்" என்று கேட்கிறார்கள். இங்கேயோ முஸ்லிம் கொடை என்றாலே பயங்கரவாத நிதி பற்றியா என்று முதல் கேள்வி. இரண்டு பக்கமும் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

வாணியம்பாடி_லெஸ்டர்

உண்மைதான். 2014-இல் லண்டனில் ஃபின்ஸ்பரி பார்க் பள்ளிவாசலின் கணக்கையே வங்கி மூடியது. எங்கள் சின்ன அறக்கட்டளையிலிருந்து ஊரில் ஒரு மதரசாவின் கிணற்றுக்குப் பணம் அனுப்ப 7 மாதம் ஆனது. ஒவ்வொரு தாளுக்கும் இன்னொரு தாள். ஊரிலும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இறுகிவிட்டது. கொடுக்க மனம் இருக்கிறவனையும் களைக்க வைத்துவிடுகிறார்கள்.

ஜார்ஜ்டவுன்_மாமா

வக்ஃபு நிலத்தையே காப்பாற்ற முடியவில்லை, அதைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். 1989-இல் நாங்கள் யாரிடமும் கேட்காமல்தான் நின்றோம். ஹோட்டலில் தட்டு கழுவினேன், இரவில் கணக்கு எழுதினேன்.

காயல்பெண்

எல்லோரும் நேரம் ஒதுக்கி எழுதுகிறீர்கள், ஜஸாகல்லாஹ். செய்யிது குடும்பம் இல்லை. ஆனால் நான் முதலில் சொல்லாத ஒன்று இருக்கிறது.

இங்கே ஒரு பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஜகாத் மேசை போடுகிறார்கள். என் ஆய்வு அங்கேதான். போன வாரம் சும்மா பார்த்துவர, பேசி அறிமுகமாகப் போயிருந்தேன். காலணி அடுக்குக்குப் பக்கத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. எனக்கு முன்னால் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு அம்மா. மின்கட்டண ரசீதை எட்டாய் மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தார், பெயர் கூப்பிடும்வரை விரிக்கவே இல்லை. நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். மேசையில் இருந்த பெரியம்மா என்னையும் உதவி கேட்டு வந்தவள் என்று நினைத்து ஒரு படிவத்தை நீட்டினார். "சாப்பிட்டாயா?" என்று கேட்டு ஒரு டப்பாவில் பிரியாணியும் கொடுத்தார்.

நான் மறுக்கவில்லை. ஆய்வுக்கு வந்தவள் என்று சொல்ல வாய் வரவில்லை. படிவத்தில் பெயர், முகவரி எல்லாம் எழுதிவிட்டேன். "ஏன் உதவி தேவை" என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் இருக்கிறது. அங்கே வாங்கினால், பிறகு அவர்களிடமே போய்க் கேள்வி கேட்க முடியுமா? வாங்காவிட்டால் வாடகை?

ஹாரோ_அக்கா

இதை எழுதினது நல்லது பிள்ளை. நான் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் உதவிப் பிரிவில் 11 வருடம் இருந்தனான். நான் முஸ்லிம் இல்லை, மார்க்கத் தீர்ப்பு நான் சொல்ல மாட்டேன். மற்றதைச் சொல்கிறேன், ஒழுங்காகச் செய்யுங்கோ.

அந்தப் படிவத்தை இப்போதைக்குக் கொடுக்காதேங்கோ. ஆய்வு செய்கிற இடத்திலேயே பண உதவி வாங்கினால், அது சரி பிழை என்பதற்கு முன்னால், நாளைக்கு அவர்கள் உங்களோடு கதைக்கிற விதம் மாறிவிடும். உங்களுக்கும் அவர்களில் குறை எழுதக் கை வராது. ஜகாத்தே வேண்டும் என்றால் வேறு ஊர்ப் பள்ளி, வேறு அமைப்பு. அதையும் எதிக்ஸ் விண்ணப்பத்தில், அதாவது ஆய்வு நெறிமுறை அனுமதிக்குப் போடுகிற விண்ணப்பத்தில், எழுத வேண்டும். போன வெள்ளி நடந்ததைச் சூப்பர்வைசருக்கு இன்றைக்கே 5 வரியில் எழுதுங்கோ. எதிக்ஸ் அனுமதி இன்னும் வரவில்லை என்றால் அந்த மேசைக்குத் திரும்பப் போகாதேங்கோ. அந்த அம்மாவின் ரசீதைப் பற்றி நோட்டில் எழுதியிருந்தால், அதை வைத்திருக்கலாமா என்பதையும் கேளுங்கோ.

பணத்துக்கு முதல் கதவு பல்கலைக்கழகம்தான். பிழை உங்களுடையது இல்லை, பட்டியல் மூடினது அவர்கள். ஜனவரிப் பணத்தில் ஒரு பங்கை முன்பணமாகத் தரச் சொல்லி ஆய்வு மாணவர் அலுவலகத்துக்கு எழுதுங்கோ, சூப்பர்வைசரையும் சிசி போடுங்கோ. வாடகைத் தேதியை முதல் வரியிலேயே போடுங்கோ, கீழே புதைக்காதேங்கோ. அதே நாளில் மாணவர் உதவிப் பிரிவில் அவசரக் கடன் இருக்கிறதா, பணக் கஷ்டத்தில் இருக்கிற மாணவருக்கான ஹார்ட்ஷிப் நிதி இருக்கிறதா என்று கேளுங்கோ. அநேகமான இடங்களில் அவசரக் கடனுக்கு வட்டி இல்லை, ஆனால் கையெழுத்துக்கு முன் அதையும் கேட்டு உறுதிசெய்யுங்கோ. இண்டியானா அண்ணா சொன்ன அழகிய கடன் உங்களுக்கு அங்கேயே கிடைக்கலாம்.

விசாவில் பொதுநிதி உதவி கிடையாது என்று இருக்கும். அது அரசாங்கத்தின் குறிப்பிட்ட உதவிகளைத்தான் சொல்கிறது. பல்கலைக்கழகத்தின் நிதியோ அறக்கட்டளை தருகிற பணமோ அதில் வராது. இந்தப் பயத்திலேயே பட்டினி கிடந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

வீட்டுக்காரர் அதே வீட்டில் இருப்பதால் டெபாசிட்டைப் பாதுகாப்புத் திட்டத்தில் 30 நாளுக்குள் போட வேண்டும் என்ற விதி உங்களுக்கு உதவாது. அதனால் எழுத்துதான் உங்களுக்குக் காவல். அவருக்கு இன்றைக்கே ஒரு மெசேஜ் அனுப்புங்கோ: "இன்ன தேதியில் இவ்வளவு டெபாசிட் பணமாகக் கொடுத்தேன். ஸ்டைபெண்ட் தாமதம். பாதி வாடகை சொன்ன தேதியில், மீதி எப்போது என்று திங்கட்கிழமை சொல்கிறேன்." அவர் 'ஓகே' என்று ஒரு சொல் போட்டாலும் அது ரசீதுதான்.

ஜார்ஜ்டவுன்_மாமா

அக்கா சொல்வதைக் கேள் மகளே. நான் முதலில் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அந்த ரசீதை மடித்து வைத்திருந்த அம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் பார்த்தபின் நீ கேள்வி கேட்பது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அனுமதி வாங்கிக் கேள்.

ஒப்பந்த_விரிவுரையாளர்

ஒரு வேலை மட்டும் நான் செய்து தர முடியும். எதிக்ஸ் விண்ணப்பத்தில் இந்த மாதிரி நேர்ந்ததை எப்படி எழுதுவது என்று தனிச்செய்தியில் அனுப்புகிறேன். என் முதல் களப்பணியில் இதை மறைத்துவிட்டு ஒரு வருடம் நிம்மதி இல்லாமல் இருந்தேன்.

காயல்பெண்

மூன்று மெயிலும் அனுப்பிவிட்டேன். சூப்பர்வைசர் அரை மணி நேரத்தில் பதில் போட்டார்: "இதை முதல் வாரமே சொல்லியிருக்கலாமே, முன்பணத்துக்கு நானும் எழுதுகிறேன்." உதவிப் பிரிவில் திங்கள் காலை 10:30-க்கு நேரம் கிடைத்திருக்கிறது. வீட்டுக்காரரும் 'ஓகே' போட்டுவிட்டார், டெபாசிட் தொகையைத் தானே திரும்ப எழுதியிருக்கிறார். அக்கா, வங்கி அறிக்கையைப் போனில் காட்டினால் போதுமா, அச்செடுத்துக் கொண்டுபோகணுமா?

ஹாரோ_அக்கா

அச்செடுங்கோ. கணக்குத் திறந்த நாளிலிருந்து எல்லாப் பக்கமும் வேண்டும். நூலகத்தில் மாணவர் அட்டையை வைத்தால் எடுக்கலாம். அந்த ஒரு வரி மெயிலையும் சேர்த்து எடுங்கோ, ஜனவரி என்று அவர்களே எழுதினது அதுதான். பாஸ்போர்ட்டை மறக்காதேங்கோ. 10 நிமிடம் முந்திப் போங்கோ, போகுமுன் ஏதாவது சாப்பிடுங்கோ.