ஓரம் போன கன்ன பருவம்

ஆற்காட்டு ஆசிரியை:

வீட்டிலுள்ள பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்யக் கடையில் கொடுக்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டு அழுதவள்.

என் அம்மாவின் அப்பா பாரதப் பிரசங்கியார். திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா என்றால் பகலில் இவர் பாரதம், இரவில் கூத்து. கலவை, திமிரி, ஆரணிப் பக்கம் என்று விழாக் காலம் முழுக்க ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருப்பார். அவர் கையில் எப்போதும் இருந்தது வில்லிபுத்தூரார் பாடிய வில்லி பாரதத்தின் கன்ன பருவம், அதாவது கர்ணன் போர்ப் பகுதி, உரையோடு தனியாக அச்சான புத்தகம். அவர் காலத்துக்குப் பிறகு தகரப் பெட்டியில் நாற்பது வருடம் கிடந்தது.

பெட்டியைத் திறந்தபோது இராமபாணம் முன்னட்டையில் புகுந்து பின்னட்டை வழியாக வெளியேறியிருந்தது. பூச்சி தின்றதைவிடக் காகிதம் தன்னைத்தானே தின்றதுதான் அதிகம். அந்தக் காலத்து மரக்கூழ்க் காகிதத்தில் மை பரவாமல் இருக்கப் படிகாரம் சேர்ப்பார்கள். அதிலிருந்து வரும் அமிலம் நாளாக ஆக இழையை அரித்துவிடும். ஒரு தாளின் மூலையை மெல்ல மடித்துப் பார்த்தேன். இரண்டாம் மடிப்பில் அப்பளம்போல முறிந்து கையோடு வந்துவிட்டது.

பயந்துபோய் வேலூரில் ஒரு கடையில் கொடுத்தேன். மூன்றே நாளில் பென் டிரைவ் வந்தது. வெள்ளை வெளேரென்ற தாள், கருகருவென்ற எழுத்து. பெருமையாக அம்மாவுக்குக் காட்டினேன். பத்துப் பக்கம் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "அப்பா எழுதியதெல்லாம் எங்கே?"

தாத்தாவின் பென்சில் குறிப்புகள்! பிரசங்கியாருக்குப் புத்தக ஓரம்தான் நோட்டு. கடையில் முதுகை வெட்டித் தாள்தாளாக இயந்திரத்துக்குள் தள்ளியிருக்கிறார்கள். ஸ்கேன் படத்தில் ஓரத்தைக் கத்தரித்து, அழுக்கு என்று நினைத்ததையெல்லாம் நீக்கியிருக்கிறார்கள். மீதியைக் கறுப்பு வெள்ளையாக மாற்றியது தீர்த்துவிட்டது. அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. மங்கிய பென்சில் வெள்ளைக் கணக்கில் போய்விடும். கடைக்காரரை நொந்து பயனில்லை. 'எழுத்து பளிச்சென்று இருக்க வேண்டும்' என்று கேட்டவள் நான்தான்.

வெட்டிய தாள்களைப் பாலிதீன் பையில் போட்டுத் திருப்பித் தந்தார்களே, அதுவே புண்ணியம். அடுத்த ஞாயிறு ஜன்னலோரம் மேசையைப் போட்டேன். ஸ்டாண்டில் கேமராவைக் கவிழ்த்து மாட்டி, பின்பக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியாதபடி ஒவ்வொரு தாளுக்கும் அடியில் கறுப்புக் காகிதம் வைத்தேன். வண்ணத்தில், தாளின் நான்கு விளிம்பும் தெரியும்படி எடுத்தேன். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தபோது பென்சில் கோடு மினுமினுத்துக்கொண்டு எழுந்துவந்தது.

'கலவை. மழை. கர்ணன் சாகவில்லை.'

பதினேழாம் நாள் போர் கேட்கக் கூடிய கூட்டத்தை மழை கலைத்திருக்கிறது. வேறொரு பக்கத்தில், கர்ணன் தேர் புதையும் இடத்துக்குச் சற்று முன்னால், 'இங்கே தண்ணீர் குடி' என்று தனக்குத்தானே எழுதிக்கொண்டிருக்கிறார். பதினொரு தாள்களுக்கு ஓரமே இல்லை. பையின் அடியில் தூளாகக் கிடக்கிறது.

வில்லியின் பாட்டு எங்கே போய்விடும்? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடலாம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. தாத்தா தண்ணீர் குடித்த இடம் அங்கெல்லாம் கிடைக்காது. அதனால் முதலில் எதையும் வெட்டாமல், துடைக்காமல் ஒரு படி எடுத்து வைத்துவிட்டு அப்புறம் அழகுபடுத்துங்கள். கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருடங்களில் பசை பழுத்துத் தாளையும் கறையாக்கிவிடும்.

இப்போது வீட்டாருக்கும் எங்கள் ஊர்க் கூத்துக்காரர்களுக்கும் முப்பது படி அச்சிட நினைக்கிறேன். புதிதாகத் தட்டச்சு செய்வதா, படமாகவே போடுவதா? முகப்பில் 'விகாரி வருஷம்' என்று மட்டும் இருக்கிறது. எந்த ஆண்டு என்று யாராவது சொல்லுங்கள்.

குடியாத்தம் அச்சுக்கோப்பாளர்:

அம்மா, வணக்கம். 1974-இல் அச்சுக்கோக்கச் சேர்ந்தவன் நான். படமாகவே போடுங்கள்.

சென்ற வருடம் ஒருவர் பழைய தலபுராணம் ஒன்றைக் கணினியே படித்து எழுதியதாகச் சொல்லி மெய்ப்புப் பார்க்கத் தந்தார். பாட்டுக்கு நடுவே சம்பந்தமில்லாமல் க, உ, ச, சு, எ, அ என்று வந்துகொண்டே இருந்தது. செய்யுளில் இப்படி ஓர் அலறலா என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். கடைசியில் மூலத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், அத்தனையும் பக்க எண்கள்! ௧, ௨, ௪, ௬, ௭, ௮ என்ற தமிழ் இலக்கங்களை எழுத்தாகப் படித்துப் பாட்டுக்குள் செருகியிருக்கிறது கணினி. 1978-இல் அரசாணை வந்து ணை, லை, ளை, னை, ணா, றா, னா என்று பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது அல்லவா? துதிக்கை வைத்த பழைய லையையும் னையையும் அது கண்டபடி படித்திருந்தது. அந்த அச்சுகள் ஆணைக்குப் பிறகும் சில வருடம் எங்கள் கேஸில், அதாவது அச்செழுத்துப் பெட்டியில், அப்படியே கிடந்தன. பழக்கத்தில் கை தானாக அந்த அறைக்குப் போகும், முதலாளியிடம் திட்டு வாங்குவேன்.

விகாரி 1839-இலும் வரும், 1899-இலும் வரும், 1959-இலும் வரும். இரண்டு அடையாளம் பாருங்கள். '1867-ஆம் வருடத்து 25-ஆவது சட்டப்படி' பதிவு செய்ததாக அச்சிட்டிருந்தால் 1839 கிடையாது. விலை அணாவில் இருந்தால் 1959-ஆக இருக்க வாய்ப்பு குறைவு. 1957 ஏப்ரலிலேயே நயா பைசா வந்துவிட்டது. உரையாசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்திருந்தால் மறுபதிப்புக்கு உரிமைத் தொல்லையும் இல்லை.

மேல்விசாரத்துத் தம்பி:

அக்கா, ஓரம் என்றதும் எங்கள் வீட்டுக் கதை நினைவுக்கு வந்தது. எங்களிடம் ஓர் அரபுத்தமிழ்க் கிதாபு இருக்கிறது. எழுத்து அரபி, மொழி தமிழ். கல்லச்சு, கல்லில் எழுதி அச்சிட்டது. படம் எடுத்த அவசரத்தில் தாள்கள் சிதறி வரிசை குழம்பிவிட்டது. பக்க எண் பாதிக்குமேல் பூச்சி வாயில். ஒவ்வொரு தாளின் கீழ் ஓரத்திலும் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லைச் சின்னதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டே சீட்டுக்கட்டு சேர்ப்பதுபோல எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினோம். அழகுக்காகக் கத்தரித்திருந்தால் எங்கள் கதையும் உங்கள் கதைதான்.

வீட்டில் அதைச் சரளமாக வாசிப்பவர் எண்பத்தைந்து வயதுப் பாட்டி மட்டுமே. படத்தோடு அவர் வாசிப்பையும் பக்கம் பக்கமாகக் கைபேசியில் பதிவு செய்துவருகிறேன். நடுநடுவே வெற்றிலைக்கு எழுந்து போய்விடுகிறார். 22 பக்கம் முடிந்திருக்கிறது.

ஆற்காட்டு ஆசிரியை:

ஐயா, நன்றி. விலை 12 அணா. சட்ட வரியும் இருக்கிறது. அப்படியென்றால் 1899. தாத்தா பிறப்பதற்கு முன்பே அச்சான புத்தகம், யாரிடமிருந்து வந்ததோ! தம்பி, பாட்டி வெற்றிலைக்கு எழுந்து போகும் சத்தத்தையும் அழிக்காதே.

படமாகவே போடுவதென்று முடிவு செய்துவிட்டேன். முப்பது படிக்கு ஆப்செட் கட்டாது என்றார் அச்சகக்காரர், டிஜிட்டல் அச்சுதான். எல்லாப் பக்கமும் வண்ணம் என்றால் செலவு எகிறுகிறது. பென்சில் உள்ள 46 பக்கம் மட்டும் வண்ணம், மற்றவை சாம்பல் நிறம் என்று பேசி முடித்தோம்.

ஐயா, ஒரே ஒரு சந்தேகம். ௬௪-ஆம் பக்கத்தில் தாத்தா எழுதியிருப்பது 'திமிரி. கொடி 2' என்பதா, 'கோடி 2' என்பதா? அவர் கையெழுத்தில் கொம்பு சுழித்திருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கொடி என்றால் கொடியேறி இரண்டாம் நாள். கோடி என்றால் ஊரார் போர்த்திய புது வேட்டி இரண்டு. அம்மா வேட்டிதான் என்று அடித்துச் சொல்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.